பவணந்தியாரிடம் என்ன கேட்போம்?

அவிநாசியில் நம்மவர் குடும்பங்கள் மிகச் சிலவே. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் வட்டாரத்து ஊர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டுத் திருப்பூர்ப் பக்கம் வந்து, பனியன் கம்பெனிகளில் கணக்கு, கட்டிங், செக்கிங் எனப் பல வேலைகளில் அமர்ந்தவர்கள். ஞாயிறு ஒரு நாளே அவர்களுக்கு ஓய்வு. அன்று காலையில் ஒருவர் இல்லத்தில் பிள்ளைகளைக் கூட்டி, பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதியபின், ஒரு மணி நேரம் ஏதேனும் ஒரு நூற்பகுதியையோ வரலாற்றுச் செய்தியையோ படிப்பது எங்கள் வழக்கம். அவ்வாறு நான்கு கிழமைகள் நடந்த ஒரு பாடத்தையே இங்கு எழுதுகின்றேன். பெற்றோர் தத்தம் இல்லங்களிலும் இதனைச் செய்து பார்க்கலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளியில் தனக்கு இட்ட பணியொன்றைக் கொண்டு வந்தாள். வரலாற்றில் வாழ்ந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரை நேரில் கண்டு பேசுவதாகக் கருதிக்கொண்டு, பத்து வினாக்கள் எழுதவேண்டும் என்பது அப்பணி. "நம்மவருள் ஒருவரைத்தான் நான் எழுதுவேன், ஐயா" என்றாள் அவள். காரணம் கேட்டேன். ஜைனர் என்று சொன்னவுடன், உடன் படிக்கும் பிள்ளைகள், "அப்படியானால் நீங்கள் சேட்டு வீடா? வீட்டில் இந்திதானே பேசுவீர்கள்?" என்று வினவுகின்றனராம். அவர்கள் பகைமையினால் கேட்கவில்லை, அறியாமையினால் கேட்கின்றனர். ஆயினும் தமிழே தாய்மொழியாக, தமிழ்நாட்டையே தாயகமாகக் கொண்ட ஒரு குழந்தை, ஆண்டுதோறும் புதிய வகுப்பில் அதே விளக்கத்தைச் சொல்ல நேர்வது சிறிய துன்பமன்று. ஆகவே அப்பணியை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாக்கினேன்.

மறு ஞாயிறு அவர்கள் கொண்டு வந்த பெயர்களைச் சொல்கின்றேன்.

சிறுவன் ஒருவன் பகவான் மகாவீரரையே எழுதி வந்தான். அவன் பக்தியை மெச்சினேன். ஆனால் அந்த நேர்காணல் முன்னமே நடந்து முடிந்தது என்று சொன்னேன். சமவசரணத்தில் சிரேணிக மன்னன் வினவக் கௌதம கணதரர் விடையிறுப்பதாகவே நம் மகாபுராணக் கதை அமைந்திருக்கின்றது. கேட்டுத் தெரிந்துகொள்வது நமக்குப் புதிய வழக்கமன்று என்பதற்கு இதுவே சான்று. சர்வக்ஞரிடம் கேட்பதற்கு நம்மிடம் குறை தீர்க்கும் வினாக்களே உண்டு. வரலாற்று வினாக்கள் இல்லை. எனவே நம்மைப் போல் ஊரும் உறவும் காலமும் உடைய ஒருவரைத் தேடுமாறு கூறினேன்.

இரண்டாமவள் குந்தவைப் பிராட்டியைத் தேர்ந்தாள். கல்கியின் கதை செய்த வேலை அது! ஆயினும் தேர்வு தவறன்று. இராசராசனின் தமக்கையாகிய அவ்வம்மையார், திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் மூன்று கோயில்கள் எடுத்தவர். போளூரை அடுத்த திருமலையிலும் குந்தவை ஜினாலயம் இருக்கின்றது. "ஒரே ஊரில் மூன்று சமயத்தார்க்கும் கோயில் எடுக்கத் தூண்டியது யாது?" என்னும் ஒரு வினா அவளிடம் நன்றாக அமைந்தது. ஏனைய ஒன்பதும் வந்தியத்தேவனைப் பற்றியன.

மூன்றாமவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அவன் கூன்பாண்டியனைத் தேர்ந்து, எண்ணாயிரம் சமணரைக் கழுவேற்றியது ஏன் என்று பத்து விதமாகக் கேட்டு எழுதியிருந்தான். அவனுடைய சினத்தை நான் குறை கூறவில்லை. நம் வீடுகளில் அக்கதையைக் கேட்டு வளராதவர் யார்? ஆனால் அவனிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். அக்கதையை விரித்துரைக்கும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்தது. நிகழ்ச்சியோ ஏழாம் நூற்றாண்டுக்கு உரியதாகச் சொல்லப்படுவது. இடையே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உள்ளன. அந்நாளைய கல்வெட்டு எதுவும் அந்நிகழ்ச்சியைக் குறிக்கவில்லை. மேலும், அதன் பின்னரே, எட்டு ஒன்பதாம் நூற்றாண்டுகளில், அதே பாண்டி நாட்டில் கழுகுமலையிலும் மதுரைச் சமணர்மலையிலும் நம் திருமேனிகள் செதுக்கப்பட்டன. கொடையளித்தோர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆகவே "ஏன் கொன்றாய்?" என்பதற்கு முன் "நடந்தது என்ன?" என்று கேட்கவேண்டும். எந்த விடை வந்தாலும் ஏற்கும் மனமில்லாதவன் கேட்பது வினா ஆகாது. வழக்கு மன்றத்தில் தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியை அழைப்பது போன்றது அது. அவன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிழமை கழித்துத் தாளில் ஒன்பது வினாக்களை அடித்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருந்தான்.

நான்காமவன் நூல் நிலையத்தில் தேடி, கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டிலிருந்து யாற்றூர்ச் செங்காயபன் என்னும் துறவியைக் கண்டெடுத்து வந்தான். சேர மரபினர் அமைத்துக் கொடுத்த கற்படுக்கையில் தங்கிய சமண முனிவர் அவர். தமிழ்ப் பிராமி எழுத்தில் அவர் பெயர் நிற்கின்றது. தேடிய உழைப்புக்காக அவனுக்கு நான் முதன்மை தருவேன். ஆனால் அவரைப் பற்றிப் பெயரும் ஊரும் தங்கிய இடமுமே நமக்குத் தெரியும். அவர் சொன்ன ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. வாசலில் நின்று கூப்பிடலாம். உள்ளே நுழையக் கதவில்லை.

இவ்விடத்தில்தான் தேர்வின் முறை எங்களுக்கு விளங்கிற்று. யாதும் அறியப்படாதவரிடம் என்ன கேட்பது என்று தெரியாது. எல்லாம் அறியப்பட்டவரிடம் கேட்க ஒன்றும் இராது. நாம் நன்றாக அறிந்த ஒரு செயலைச் செய்துவிட்டு, அதைப் பற்றி நமக்கு வேண்டிய செய்தியைச் சொல்லாமல் போனவரே நேர்காணலுக்கு ஏற்றவர். அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் பக்கத்திலேயே இருந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவியின் இலக்கண நூலிலேயே இருந்தார்.

பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபத உறுப்புகளைப் பிரித்து எழுதாத தமிழ் மாணவர் இல்லை. அந்தப் பகுப்பை நமக்குத் தந்தது நன்னூலின் பதவியல். நன்னூலை இயற்றியவர் பவணந்தி முனிவர். ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக இப்பெயரை எழுதும் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவர் சமண முனிவர் என்பதை அறிவர்? எங்கள் மாணவியே அறிந்திருக்கவில்லை. எழுத்ததிகாரத்தின் தொடக்கத்தில் அசோக மர நிழலில் அமர்ந்த நான்முகனை அவர் தொழுவதை எடுத்துக் காட்டி, அந்நான்முகன் பிரமன் அல்லன், சமவசரணத்தில் நான்கு திசையினர்க்கும் முகம் காட்டி வீற்றிருக்கும் அருகபரமேட்டி என்று விளக்கியபோது, அவள் முகம் மலர்ந்ததைக் காணவேண்டும்.

அவர் ஊர் சனகை என்று நன்னூற் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அச்சனகை என்பது கொங்கு நாட்டார் கொள்கை. கொங்குமண்டல சதகமும் பவணந்தியாரைத் தம் நாட்டுக்கு உரியவராகவே பாடுகின்றது. அவிநாசியிலிருந்து செங்கப்பள்ளி வழியாகக் கிழக்கே சென்றால், முதலில் விசயமங்கலம் வரும். அங்குச் சந்திரப்பிரபர் ஜினாலயம் ஊராரால் நெட்டைக் கோபுரம் என்று வழங்கப்படுகின்றது. கோமடேசுவரர் திருமேனியைச் சிரவணபெளகொளவில் எடுப்பித்த சாமுண்டராயரின் தங்கை சல்லேகனை நோற்று உயிர் நீத்த இடமாகப் போற்றப்படுவது அது. பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிரும் விசயமங்கலத்தோடு தொடர்புடையவர் என்பர். அதனைக் கடந்து பெருந்துறைப் பக்கம் சென்றால் சீனாபுரம். "நாம் இங்கே வந்தேறியவர்கள்" என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, ஒரு காலை நேரத்தில் போய்வரும் தொலைவில் இவையெல்லாம் இருக்கின்றன என்பதே பெரும் பாடமாயிற்று.

பிறகு வினாக்களுக்கு வந்தோம். ஆளுக்குப் பத்து வினாக்கள் எழுதினர். நாற்பதில் முப்பதேனும் பயனற்றவை. "நீங்கள் எழுதிய நூல் எது?", "அதில் எத்தனை அதிகாரங்கள் உள்ளன?" என்ற வகையின. பாயிரத்தையும் சேர்த்து 462 நூற்பாக்கள், எழுத்து, சொல் என இரண்டு அதிகாரங்கள் என்று புத்தகத்தின் முதல் ஏடே சொல்லும்போது, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முனிவரை எழுப்பி இதைக் கேட்பானேன்?

நல்வினா எது என்று கண்டுபிடிக்க வேறு நூல் தேடவேண்டியதில்லை. பவணந்தியாரே வினாவை ஆறாக வகுத்திருக்கின்றார், சொல்லதிகாரத்துப் பொதுவியலில். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. பள்ளியில் இவற்றுக்குத் தரும் எடுத்துக்காட்டுகளை விட்டு, எங்கள் ஊர் எடுத்துக்காட்டுகளைச் சொன்னேன். தான் அறிந்ததையே மாணவன் அறிவானா என்று ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாத பாடத்தை மாணவன் கேட்பது அறியாவினா. தொலைவில் வருவது திருப்பூர்ப் பேருந்தா கோவைப் பேருந்தா என்பது ஐயவினா. கடையில் சென்று "எண்பது சென்டிமீட்டர் பனியன் இருக்கிறதா?" என்பது கொளல்வினா. "உனக்கு நோட்டுப் புத்தகம் இல்லையா?" என்று கேட்டு எடுத்துக் கொடுப்பது கொடைவினா. கம்பெனியில் மேற்பார்வையாளர், "அந்த பண்டல் முடிந்ததா?" என்றால் அது ஏவல்வினா, முடிந்ததோ இல்லையோ, கை விரைந்து ஓடவேண்டும் என்பதே அதன் பொருள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த தாய்மார் சிரித்துவிட்டனர். அவர்களைவிட ஏவல்வினாவை அறிந்தவர் எவர்!

இந்த ஆறையும் சல்லடையாகக் கொண்டு நாற்பது வினாக்களையும் பிரித்தோம். நூலின் பெயரையும் அதிகாரங்களின் தொகையையும் கேட்டவை எல்லாம் அறிவினா. அவை தேர்வு நடத்துபவர்க்கு உரியவை. முனிவருக்குத் தேர்வு வைக்க நாம் யார்? கூன்பாண்டியனிடம் கேட்க எழுதிய ஒன்பதும் வினா உருவில் வந்த ஏவல்கள். "தவறு என்று ஒப்புக்கொள்" என்பதே அவற்றின் உட்பொருள். "நீங்கள் எங்கள் கொங்கு நாட்டவர்தாமே?" என்று ஒருவன் எழுதியிருந்தான். அதைக் கொளல்வினா என்று வைத்தோம். தனக்கு வேண்டியதை வாங்கிக்கொள்ளும் கருத்தில் கேட்டது அது. அதையே, "உம் சனகை என்பது பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரமா, கன்னட நாட்டில் வேறோர் ஊரா?" என்று திருத்தியவுடன் நேர்மையான ஐயவினா ஆயிற்று. அறிஞரிடையே இவ்விரு கொள்கையும் உண்டு. நமக்கு விருப்பமான விடை ஒன்று இருப்பினும், மற்றதையும் சேர்த்துக் கேட்பதே நடுநிலை. பாயிரத்தில் வரும் சன்மதி முனிவர் அவர்க்குத் தந்தையா ஆசிரியரா என்பதும் இவ்வகையினதே.

அறியாவினாக்களுள் தலையாயது எங்கள் கடைக்குட்டியிடமிருந்து வந்தது. நன்னூலைச் செய்யுமாறு வேண்டியவன் சீயகங்கன் என்னும் கங்கர் குலத் தலைவன். மூன்றாம் குலோத்துங்கனின் (1178-1218) காலத்தவன். கோலார் என்று இன்று வழங்கும் குவளாலபுரத்துக்கு உரியவனாகக் கல்வெட்டுகளில் குறிக்கப்படுபவன். அவன் அரும்பொருள் ஐந்தையும் கேட்டான் என்று பாயிரம் சொல்கின்றது. ஐந்தாவன எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி. நம் கையில் இருப்பவை முதலிரண்டே. இதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அச்சிறுவன், "மீதி மூன்றை எழுதினாரா, இல்லையா?" என்றான். எழுதி அழிந்தனவா, எழுதாமலே முனிவர் மறைந்தாரா, கேட்ட மன்னனுக்கு ஏதும் நேர்ந்ததா என்று பெரும்புலவர்கள் நின்று யோசித்த இடம் அது. கேட்டவனுக்கு வயது பத்து. பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, நிலம், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி எனப் பவணந்தியார் வகைப்படுத்துவார். அவனை எவ்வினத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னை எதில் சேர்ப்பார் என்பது மட்டும் தெரியும். இந்நூலை நாற்பது ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தும் அவ்வினா எனக்கு எழவில்லை.

கொடைவினா ஒன்றையும் விட்டுவைத்தோம். நேர்காணச் செல்பவன் வெறுங்கையோடு போகலாகாது. "உம் நூலுக்கு முதலில் உரை கண்டவர் நம் சமயத்து மயிலைநாதர். பின்னர்ச் சைவப் பெரியோராகிய சங்கர நமச்சிவாயர் உரை செய்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காண்டிகையுரை தந்தார். இதனை அறிவீரோ?" என்பதே அது. வினாவைப் போலக் காட்டி அவருக்கு ஒரு செய்தியைக் கொடுத்துவிடுகின்றோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் இதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். அருகனைத் தொழுது தொடங்கும் நூலைச் சைவ மடத்தார் பாடமாக ஓதிக் காத்தனர் என்பதும், அவன் சினந்துகொண்டிருந்த அதே வரலாற்றின் ஒரு பக்கம்தானே?

கேட்டுத் தெரிந்துகொள்வதில் நமக்கு ஒரு பேராசான் உண்டு. உ. வே. சாமிநாதையர் 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது, அதைத் தாம் படித்ததில்லை என்பதை ஐயர் உணர்ந்தார். ஏட்டை எடுத்தால் சமயச் செய்திகள் விளங்கவில்லை. அவர் செய்தது யாது? கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்கு நடந்து சென்றார். சந்திரநாத செட்டியார் போன்ற இல்லறத்தாரிடம் அமர்ந்து ஐயங்களைக் கேட்டார். அவ்வீட்டிலோ சிந்தாமணியை ஆறு மாதம் தொடர்ந்து படித்து நிறைவு செய்து, தோரணம் கட்டி விழாக் கொண்டாடிக்கொண்டிருந்தனர்! தமிழ்ப் புலவர் உலகம் மறந்த காப்பியம், வணிகர் வீட்டுத் திண்ணையில் பாராயணமாக வாழ்ந்துகொண்டிருந்தது. ஐயர் சைவ மரபினர், கல்லூரி ஆசிரியர், அறியாதவன் போல் நடிக்கவில்லை, அறியாதவனாகவே கேட்டார். 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. நன்னூல் மயிலைநாதர் உரையையும் பின்னாளில், 1918இல், அவரே அச்சேற்றினார். அந்த நாளில் விடை சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தார் என்பதையும் நாம் கருதவேண்டும். இன்று ஐயரைப் போன்ற ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால், எத்தனை வீடுகளில் அவருக்கு விடை கிடைக்கும்?

அடுத்த ஞாயிறு ஒரு சிக்கல் எழுந்தது. பிள்ளைகள் ஆர்வ மிகுதியால் விடைகளையும் எழுதி வந்துவிட்டனர். பவணந்தியார் புன்முறுவலோடு, "ஆம் குழந்தாய், நான் சீனாபுரத்தவனே" என்று சொல்வதாக ஒருவன் எழுதியிருந்தான். படிக்க இனிமையாகவே இருந்தது. ஆயினும் அதை ஏற்க நான் மறுத்தேன். சிலர்க்கு வருத்தம், ஒரு தந்தையும், "பிள்ளைகள் விளையாட்டுத்தானே?" என்றார். விளையாட்டுத்தான். ஆனால் இன்று ஒரு பிள்ளை எழுதிய விடை, நாளை ஒரு மலரில் அச்சாகி, பத்தாண்டில் "பவணந்தியார் கூறினார்" என்று மேடையில் மேற்கோளாகிவிடும். சத்தியத்தை அணுவிரதமாகக் கொண்ட நாம், மறைந்தவர் வாயில் நம் சொற்களை வைக்கலாகாது. அவரே விடையை எட்டாக வகுத்திருக்கின்றார். அவற்றுள் மறுத்துரைப்பதும் உண்டு, எதிர்வினாக் கேட்பதும் உண்டு. நாம் எழுதும் கற்பனை விடைகளில் அவர் ஒருபோதும் மறுப்பதில்லை, எதிர்த்து வினவுவதும் இல்லை. அதுவே அவை அவருடைய விடைகள் அல்ல என்பதற்கு அடையாளம்.

ஆகவே ஒரு விதி செய்துகொண்டோம். ஒவ்வொரு வினாவுக்குக் கீழும் இரண்டு வரிகள். முதல் வரியில், இதைப் பற்றி நாம் எங்கிருந்து எவ்வளவு அறிவோம் என்று எழுதவேண்டும். இரண்டாம் வரி வெற்றிடம். எழுதிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். முதல் வரியை நிரப்புவதற்காகவே அம்மாணவி சிறப்புப்பாயிரத்தை உரையோடு முழுவதும் படித்தாள். பள்ளி அவளிடம் அதைக் கேட்கவில்லை.

ஒன்பது வினாக்கள் தேறின. ஒன்பதாவது அவளுடையது. பழையவை நீங்குவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் வழக்கம், குற்றமன்று என்ற கருத்தோடு பவணந்தியார் தம் நூலை முடிக்கின்றார். அதைச் சொற்களைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டாள்: "ஐயா, சொல்லுக்குச் சொன்ன அவ்விதியை, கொங்கு நாட்டில் நம் சமயம் குறைந்துபோனதற்கும் சொல்வீரா?" இதற்கு நான் ஒரு திருத்தமும் செய்யவில்லை. முதல் வரியில் எழுத நூற்பாவின் கருத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதை எழுதிவிட்டு இரண்டாம் வரியை அப்படியே விட்டாள்.

பத்தாவது வினாவுக்காகக் காத்திருந்தபோது, அதுவரை பேசாது தொழுகைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் தாயார் மெல்லக் கேட்டார். வாரம் முழுதும் செக்கிங்கில் நின்று துணியில் ஓட்டை பார்க்கும் கண்கள் அவருடையவை. "முனிவர் என்கிறீர்கள். முனிவருக்கு அடுப்பேது? நாள்தோறும் யாரோ ஒரு சிராவகி வாசலில் நின்று எதிர்கொண்டு ஆகாரதானம் செய்திருக்க வேண்டுமே! சனகையில் அப்போது நம்மவர் வீடுகள் எத்தனை? அந்த வீட்டாரெல்லாம் எங்கே போனார்கள்?"

அறையில் எவரும் பேசவில்லை. மாணவி எழுதுகோலை எடுத்து, பத்து என்று எண்ணிட்டு, தாயார் சொன்னவாறே எழுதினாள். முதல் வரியில் எதை எழுதுவது என்று என்னைப் பார்த்தாள். ஒரு முனிவர் இருந்தார், ஆகவே அவருக்கு உணவளித்தவர்களும் இருந்தனர் என்று எழுதச் சொன்னேன்.